முன்னவர் பழக்கிய கண்கள்: புதிய பயிற்சியாளரை ரசிகர்கள் எடைபோடும் விதம்

2013 செப்டம்பர் 21 அன்று மாட்ரிட் நகரின் வயேகாஸ் பகுதியில் ராயோ வயேகானோ அணியை பார்சிலோனா 4-0 என்று வீழ்த்தியது. பெட்ரோ மூன்று கோல் அடித்தார். விக்டர் வால்டெஸ் ஒரு பெனால்டியைத் தடுத்தார். வேறு அணியாக இருந்தால் அந்த வாரம் முழுக்கக் கொண்டாட்டம்தான். பார்சிலோனாவிலோ பேச்செல்லாம் ஒரே ஒரு புள்ளிவிவரத்தைச் சுற்றியே இருந்தது. அந்த ஆட்டத்தில் பந்து எதிரணியிடம்தான் சற்று அதிக நேரம் இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, முந்நூறுக்கும் அதிகமான ஆட்டங்களில், அப்படி ஒருமுறைகூட நடந்ததில்லை. பெப் குவார்டியோலா கட்டிய பாணியைப் புதிய பயிற்சியாளர் ஜெரார்டோ மார்ட்டினோ கைவிடுகிறாரா என்று கேட்டார்கள். நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றவர் தன் வெற்றிக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

பயிற்சியாளர் மாறும்போதெல்லாம் கால்பந்து உலகில் இந்த வழக்கு ஏதோ ஒரு வடிவில் நடக்கிறது. வழக்கைக் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ரசிகர்கள் நன்றி மறந்தவர்கள், புள்ளிப் பட்டியலைப் பார்க்காமல் பழைய கதை பேசுகிறார்கள் என்பது ஒரு கட்சி. பாணிதான் கிளப்பின் உயிர், அதைத் தொட்டவர் வென்றாலும் குற்றவாளியே என்பது மற்றொன்று. கடந்த ஐம்பது ஆண்டுகளின் முக்கியமான மாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டுமே போதாது என்று தெரியும். நீண்ட காலம் ஒரு கிளப்பில் இருந்த பயிற்சியாளர் அணியோடு சேர்த்து அரங்கத்தையும் பழக்கியிருக்கிறார். எப்போது எழுந்து நின்று கத்த வேண்டும், எந்தப் பாஸைத் துணிச்சல் என்று கொள்ள வேண்டும், எந்தப் பின்பாஸைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் கூட்டத்துக்கு அவர் கற்றுக்கொடுத்தவை. அவர் போய்விடுகிறார், அவர் பழக்கிய கண்கள் அங்கேயே இருக்கின்றன. புதியவரை எடைபோடுபவை அந்தக் கண்கள்தான்.

எந்த ஆண்டின் முன்னவர்?

ஒப்பீடு என்றாலே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. 2013 மே மாதம் அலெக்ஸ் ஃபெர்குசன் விடைபெற்றபோது மான்செஸ்டர் யுனைடெட் இரண்டாம் இடத்து அணியைவிட 11 புள்ளி முன்னால் நின்று தன் 20-வது லீக் பட்டத்தை வென்றிருந்தது. அவருடைய இருபத்தாறரை ஆண்டுக் காலத்தில் வந்தவை 38 கோப்பைகள். அடுத்து வந்த டேவிட் மோயஸுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். பத்து மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். அந்த சீசனை யுனைடெட் ஏழாம் இடத்தில் முடித்தது.

மோயஸின் காலத்தைச் சொல்ல எல்லோரும் எடுக்கும் ஆட்டம் 2014 பிப்ரவரி 9 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் ஃபுல்ஹாமுடன் நடந்தது. பட்டியலின் கடைசியில் கிடந்த அணிக்கு எதிராக யுனைடெட் எண்பதுக்கும் மேற்பட்ட கிராஸ்களை அடித்து 2-2 என்று முடித்தது. அன்று ஃபுல்ஹாமின் பயிற்சியாளர், ஃபெர்குசனிடம் உதவிப் பயிற்சியாளர் குழுவில் பல ஆண்டுகள் இருந்த ரெனே மியூலென்ஸ்டீன். பக்கவாட்டில் போய்ப் பந்தைத் தூக்கிப் போடுவது ஃபெர்குசன் காலத்திலும் யுனைடெட்டின் ஆயுதம்தான். ஆனால் அப்போது அது பல வழிகளில் ஒன்றாக இருந்தது. அன்று அது ஒன்றே வழியாகிவிட்டதை ஸ்டாண்டில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அவர்களுடைய குறையில் உண்மை இருந்தது.

அதே நேரத்தில் அவர்கள் ஒப்பிட்ட ஃபெர்குசன், 1999-லும் 2008-லும் ஐரோப்பாவை வென்ற ஃபெர்குசன். மோயஸ் கையில் வாங்கிய அணியோ, ரயன் கிக்ஸ் நாற்பதை நெருங்கி, பால் ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்று, தற்காப்பின் தூண்கள் முப்பதைக் கடந்து நின்ற அணி. கிளப்பின் நிர்வாகத் தலைமையும் அதே கோடையில் மாறியது. ரசிகர்களின் நினைவு முன்னவரின் மிகச் சிறந்த இரவுகளைத் தேர்ந்தெடுத்துப் புதியவரின் சாதாரண சனிக்கிழமையோடு நிறுத்துகிறது. அந்தப் போட்டியில் யாரும் வெல்ல முடியாது.

இதை நன்றாக அறிந்தவர் ஃபெர்குசனே. 1986 நவம்பரில் அவர் வந்தபோது முன்னவர் ரான் அட்கின்சன். இரண்டு எஃப்.ஏ. கோப்பைகளை வென்றவர், 1985-86 சீசனின் முதல் பத்து லீக் ஆட்டங்களையும் தொடர்ந்து வென்ற, பார்க்கப் பரவசம் தரும் அணியை நடத்தியவர். ஃபெர்குசனின் முதல் நான்கு சீசன்களில் யுனைடெட் 11, 2, 11, 13 என்ற இடங்களில் முடிந்தது. அவரைப் போகச் சொல்லும் பதாகை 1989 டிசம்பரில் ஓல்ட் டிராஃபோர்டிலேயே விரிந்தது. முதல் கோப்பை 1990-இல்தான் வந்தது. பின்னாளில் எல்லாருக்கும் அளவுகோலாக நின்றவர், தொடக்கத்தில் வேறொருவரின் அளவுகோலால் அளக்கப்பட்டுக் குறைவுபட்டவர்.

இன்னொரு பாடம் 1974-இல் லீட்ஸிலிருந்து வருகிறது. டான் ரெவி பதின்மூன்று ஆண்டுகளில் கட்டிய அணி லீக் சாம்பியன். அவர் இங்கிலாந்து அணிக்குப் போனதும் வந்த பிரையன் கிளஃப், அந்த அணியின் முரட்டுத்தனத்தைப் பல காலம் வெளிப்படையாகக் கண்டித்தவர். 44 நாள்களில், ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியோடு அவர் போக வேண்டியதாயிற்று. ஏறத்தாழ அதே வீரர்கள், ஜிம்மி ஆர்ம்ஃபீல்ட் என்ற அமைதியான மனிதரின் கீழ், அதே சீசனில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள். கிளஃபுக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. பின்னால் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியோடு இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றவர் அவர். லீட்ஸில் அவர் முன்னவரின் பாணியை மாற்ற வரவில்லை, அதை இழிவு என்று சொல்லி வந்தார். ஒரு கூட்டம் தான் நேசித்ததைத் தவறு என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் புதியதைப் பார்க்கலாம் என்றால், அது பார்க்கவே மறுத்துவிடும்.

வெற்றி போதாத இடங்கள்

தோற்றால் பாணியைக் குறை சொல்வது எளிது. ரசிகர்களின் மனத்தை உண்மையில் காட்டுபவை வென்றும் குறை கேட்ட தருணங்கள்.

2007 ஜூனில் ஃபாபியோ கப்பெல்லோ ரியல் மாட்ரிட்டுக்கு ஸ்பானிய லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். பார்சிலோனாவுடன் புள்ளிகள் சமமாகி, நேருக்கு நேர் ஆட்டங்களின் கணக்கில், கடைசி நாளில் கிடைத்த பட்டம் அது. பதினொரு நாள்களில் அவரை நீக்கினார்கள். பார்க்கத்தக்க கால்பந்து வேண்டும் என்பது கிளப் சொன்ன காரணம். அடுத்து வந்த பெர்ண்ட் ஷுஸ்டர் மறு ஆண்டே பட்டத்தைத் தக்கவைத்தார். லீக் கோல்களும் 66-லிருந்து 84 ஆக உயர்ந்தன. இங்கே பாணியைக் கேட்டவர்கள் பாணியையும் பட்டத்தையும் சேர்த்தே பெற்றார்கள்.

2020 ஜனவரியில் பார்சிலோனா எர்னெஸ்டோ வல்வெர்டேவை நீக்கியபோது அணி லீக்கின் முதலிடத்தில் இருந்தது. அதற்கு முந்தைய இரண்டு பட்டங்களும் அவருடையவை. ரோமாவிடமும் லிவர்பூலிடமும் ஐரோப்பாவில் சரிந்த இரவுகளோடு, இது நம் கால்பந்து இல்லை என்ற முணுமுணுப்பும் அவரைத் துரத்தியது. யோஹான் க்ரைஃபின் கால்பந்தைத் தன் வேதமாகக் கொண்ட கிக்கே செத்தியேனை அழைத்து வந்தார்கள். லீக் கைவிட்டுப் போனது. ஆகஸ்ட் 14 அன்று பயேர்ன் மியூனிக் அணியிடம் 2-8 என்று தோற்றார்கள். சில நாள்களில் அவரும் போனார். இங்கே பாணியைக் கேட்டவர்களுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை.

இந்த இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தால் ஒன்று புரியும். ரசிகர்களின் அதிருப்தி ஒரு நோயின் அறிகுறியைச் சரியாகச் சொல்லலாம். ஆனால் மருந்து எது என்று அது சொல்வதில்லை. கப்பெல்லோவின் அணியில் கட்டுண்டு கிடந்த திறமை நிறைய இருந்தது, அவிழ்த்துவிட ஒருவர் போதும். வல்வெர்டேயின் அணியில் வீரர்களுக்கு வயதாகியிருந்தது. அவர் எச்சரிக்கையாக ஆடியதே அந்த முதுமையை மறைக்கத்தான்.

லண்டனின் வெஸ்ட் ஹாம் இதே பாடத்தைத் தாழ்ந்த படியில் படித்தது. 2014 மார்ச்சில் ஹல் சிட்டியை 2-1 என்று வென்ற பிறகும் ரசிகர்கள் கூச்சலிட்டபோது, பயிற்சியாளர் சாம் அலர்டைஸ் காதருகே கையை வைத்து, சரியாகத்தான் கேட்கிறதா என்பதுபோல நின்றார். பத்தாண்டு கழித்து அதே கிளப்பில் மோயஸ். 2023-இல் ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக்கை வென்று, 1980-க்குப் பிறகு கிளப்பின் முதல் பெரிய கோப்பையைத் தந்தவர். பின்னால் அடங்கி நின்று திருப்பித் தாக்கும் ஆட்டம் அலுத்துவிட்டது என்ற குரல் வலுத்து, 2024-இல் அவர் விலகினார். அடுத்து வந்த யூலென் லோபெதெகி மறு ஜனவரியிலேயே நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த கிரஹாம் பாட்டரும் அதே ஆண்டு செப்டம்பரைத் தாண்டவில்லை. அலுப்பு பொய்யில்லை. ஆனால் அலுப்புத் தட்டிய ஆட்டத்தின் அடியில் இருந்த ஒழுங்கு எவ்வளவு அரிது என்பது அது போன பிறகே தெரிந்தது.

அழகா, நோக்கமா?

ரசிகர்கள் கேட்பது அழகான ஆட்டம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. வரலாறு அதை ஆதரிக்கவில்லை.

2014 முதல் 2016 வரை யுனைடெட்டில் இருந்த லூயி வான் கால், பந்தை வைத்திருப்பதில் இங்கிலாந்தின் முன்னணி அணிகளில் ஒன்றை உருவாக்கினார். கணக்குப்படி அது நாகரிகமான கால்பந்து. ஓல்ட் டிராஃபோர்டோ தாக்கு, தாக்கு என்று கத்தியது. 2015-16 சீசனில் 38 லீக் ஆட்டங்களில் யுனைடெட் அடித்தது 49 கோல்தான். பந்து பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. எஃப்.ஏ. கோப்பையை வென்ற இரண்டாம் நாள் அவரை அனுப்பினார்கள். செல்சியில் 2018-19 சீசனில் மவுரிட்சியோ சாரி, நேப்பிள்ஸில் பலரும் வியந்த குறும்பாஸ் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். அணி மூன்றாம் இடத்தில் முடித்து யூரோப்பா லீக்கையும் வென்றது. ஆனால் பிப்ரவரியில் யுனைடெட்டிடம் தோற்ற இரவில் சொந்த ரசிகர்களே அந்தப் பாணியின் பெயரைச் சொல்லி வசை பாடினார்கள். பலத்தாலும் வேகத்தாலும் வென்று பழகிய அரங்கம் அது.

மறுபுறம் ஸ்டோக் சிட்டியைப் பாருங்கள். டோனி பூலிஸின் அணி பந்தை வைத்திருக்கவே விரும்பாத அணி. ரோரி டெலாப் எல்லைக்கோட்டில் பந்தைத் துண்டால் துடைத்து, கோல் வாய் வரைக்கும் எறியும் த்ரோ-இன்தான் அதன் முத்திரை. பெரிய கிளப்புகள் முகம் சுளித்தன. ஸ்டோக்கின் அரங்கம் ஒவ்வொரு த்ரோ-இன்னுக்கும் கார்னருக்கு எழுவதுபோல எழுந்தது. 2011-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் வரைக்கும் போனார்கள். 2013-இல் மார்க் ஹியூஸ் வந்து பாஸ் ஆட்டத்துக்கு மாற்றி, மூன்று சீசன் தொடர்ந்து ஒன்பதாம் இடம் பிடித்தார். ஊர் அதையும் ரசித்தது. பிறகு முதுகெலும்பு தளர்ந்து 2018-இல் அணி கீழே இறங்கியபோது, பலரும் வருந்தியது பூலிஸ் காலத்தின் உறுதியை இழந்ததற்காக. மாட்ரிட்டில் தியேகோ சிமியோனே 2011 டிசம்பரிலிருந்து அத்லெட்டிகோவைத் தற்காப்பின் மேல் கட்டி, 2014-லும் 2021-லும் லீக்கை வென்றார். அந்த ரசிகர்களுக்கு அவர் தெய்வத்துக்கு அடுத்தபடி.

ஆக, குறும்பாஸ் ஆடியவர்கள் வசை வாங்கினார்கள், த்ரோ-இன் எறிந்தவர்கள் வாழ்த்து வாங்கினார்கள். ரசிகர்கள் தேடுவது நோக்கம். அணி இப்போது என்ன செய்ய முயல்கிறது என்பது ஸ்டாண்டில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். அந்த முயற்சியில் ஆபத்தைச் சந்திக்கும் மனம் இருக்க வேண்டும். தோற்றாலும் என்ன செய்து தோற்றோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். டெலாப் பந்தைத் துடைக்கும்போது அரங்கில் இருந்த கடைசி மனிதருக்கும் அடுத்து வரப்போவது தெரியும். வான் காலின் நாற்பதாவது பக்கப் பாஸின்போது யாருக்கும் தெரியவில்லை.

நோக்கத்தைப் படிக்கும் பயிற்சி முன்னவரிடமிருந்து வருகிறது. ஒரு வித்வானின் நாகஸ்வரத்தை ஆண்டுதோறும் கோயிலில் கேட்டு வளர்ந்த ஊர், அவருக்குப் பின் வருபவர் ராகத்தைத் திறக்கும் விதத்தை முதலில் அவருடைய விதத்தோடுதான் வைத்துக் கேட்கும். புதியவரின் அழகு அந்தக் காதுக்கு எட்டச் சில திருவிழாக்கள் ஆகும். அரங்கமும் அப்படித்தான். புதிய பாணியில் ஆபத்து எங்கே இருக்கிறது, துணிச்சல் எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்ளும்வரை கூட்டத்துக்குப் புதியது மந்தமாகவே படும்.

ஒரே எண்ணிக்கை, இரண்டு அணிகள்

இந்தக் கேள்வியை ஆராய லிவர்பூலைவிடத் தெளிவான சோதனைக்களம் கிடைக்காது. யூர்கன் க்ளாப் 2015 அக்டோபரில் வந்து 2024 மே மாதம் வரை இருந்தார். 2019-இல் சாம்பியன்ஸ் லீக், 2020-இல் முப்பது ஆண்டு காத்திருப்புக்குப் பின் லீக் பட்டம். தன் கால்பந்தை அவரே ஹெவி மெட்டல் இசை என்று வர்ணித்தவர். பந்தை இழந்த நொடியிலேயே கூட்டமாகப் பாய்ந்து பிடுங்குவது, பிடுங்கியதும் மூன்று பாஸில் கோல் வாயை எட்டுவது. அந்தப் பாய்ச்சலுக்கு அரங்கத்தின் சத்தமும் ஒரு எரிபொருள். ஆன்ஃபீல்டின் கூட்டத்தை அவர் ஒரு வீரரைப் போலவே பயன்படுத்தினார்.

நெதர்லாந்தின் ஃபெயனூர்டிலிருந்து ஆர்னே ஸ்லாட் வந்தார். விடைபெறும் நாளில், ஆன்ஃபீல்டின் புல்வெளியில் மைக்கைப் பிடித்து, அடுத்து வருபவரின் பெயரைப் பாட்டாகப் பாடிக் கூட்டத்தையும் பாட வைத்தார் க்ளாப். தான் பழக்கிய கண்களை அவரே புதியவர் பக்கம் திருப்பிவிட்டார். முன்னவர் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அது.

இப்போது எண்களைப் பாருங்கள். க்ளாப்பின் கடைசி லீக் சீசனில் லிவர்பூல் அடித்த கோல் 86, வாங்கியது 41. ஸ்லாட்டின் முதல் சீசனிலும் அடித்தது 86, வாங்கியது 41. முதலாமவருக்கு 82 புள்ளியும் மூன்றாம் இடமும். இரண்டாமவருக்கு 84 புள்ளியும் பட்டமும். வீரர்களும் ஏறத்தாழ அவர்களே. அந்தக் கோடையில் வாங்கப்பட்டு அந்த சீசனில் ஆடியவர் ஃபெடெரிகோ கியேசா ஒருவர்தான், அவரும் மிகக் குறைவாகவே ஆடினார். ஆனால் ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு இவை இரண்டு வேறு அணிகள். க்ளாப்பின் கடைசி அணி அடிக்கடி முதலில் கோல் வாங்கி, பிறகு புயலாக எழுந்து வரும். ஸ்லாட்டின் அணியில் ரயன் கிராவென்பெர்க் தற்காப்பு நடுகளத்துக்கு மாற்றப்பட்டார். தற்காப்பு வீரர்கள் பந்தைக் காலடியில் வைத்து எதிரணியை வரவிட்டுக் காத்திருந்தார்கள். எப்போது வேகம், எப்போது நிதானம் என்பதை அணி தேர்ந்தெடுத்தது. முகமது சலா 29 கோலும் 18 உதவியுமாக லீக்கின் சாதனைப் பருவம் ஒன்றை ஆடினார். 2025 ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹாமை 5-1 என்று வென்று, நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே பட்டம் உறுதியானது.

அந்த சீசனில் ஸ்லாட்டின் நிதானத்தை ரசிகர்கள் கட்டுப்பாடு என்று போற்றினார்கள். அடுத்த சீசனில் நிலைமை தலைகீழானது. டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டும் லூயிஸ் தியாஸும் போயிருந்தார்கள். ஃப்ளோரியன் விர்ட்ஸ், அலெக்சாண்டர் இசாக் உள்ளிட்டோர் பெரும் விலைக்கு வந்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 2025 ஜூலை 3 அன்று கார் விபத்தில் தியோகோ ஜோட்டாவை இழந்த துயரம் அணியின் மேல் கவிந்திருந்தது. நவம்பர் கடைசியில் பி.எஸ்.வி. அணியிடம் ஆன்ஃபீல்டிலேயே 1-4 என்று தோற்றது, பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்பதாவது தோல்வி. முந்தைய ஆண்டு கட்டுப்பாடு எனப்பட்ட அதே நிதானம் இப்போது மந்தம் எனப்பட்டது. க்ளாப்பின் பாய்ச்சல் எங்கே என்ற கேள்வி மீண்டும் வந்தது.

ரசிகர்கள் நிறம் மாறினார்கள் என்று இதைப் படிப்பது தவறு. ஸ்லாட்டின் முதல் சீசனில் ஆடியவர்கள் க்ளாப்பின் பாய்ச்சலை உடம்பில் சேமித்து வைத்திருந்த வீரர்கள். அவர் அதன் மேல் நிதானத்தைப் பூசினார், கலவை வென்றது. இரண்டாவது சீசனில் அந்த அடித்தளத்தில் பெரும்பகுதி கலைந்திருந்தது. புதிய பாணி தன் சொந்தக் காலில் நிற்க வேண்டிய முதல் தருணம் அதுதான். முதல் சீசனின் வெற்றி எவ்வளவு முன்னவருடையது என்று கேட்பது சரியென்றால், இரண்டாம் சீசனின் தோல்வியில் எவ்வளவு மாற்றத்தின் விலை என்று கேட்பதும் சரியே.

நெஞ்சுரத்தின் நினைவு

டாட்டன்ஹாமில் கதை எதிர்த்திசையில் ஓடியது. ஜோசே மொரின்யோ, நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ, அன்டோனியோ கோண்டே என்று எச்சரிக்கையான பயிற்சியாளர்களுக்குப் பின், 2023-இல் ஆஸ்திரேலியரான ஆஞ்சி போஸ்டெகோக்லூ வந்தார். முதல் பத்து லீக் ஆட்டங்களில் எட்டு வெற்றி, இரண்டு டிரா. நவம்பர் 6 அன்று செல்சிக்கு எதிராக இருவர் சிவப்பு அட்டை வாங்கி ஒன்பது பேராகச் சுருங்கிய பின்னும் தற்காப்பு வரிசையை நடுக்கோட்டருகே நிறுத்தி ஆடினார். 1-4 என்று தோற்ற அணிக்கு அரங்கம் எழுந்து கைதட்டியது. நோக்கம் தெளிவாக இருந்தால் தோல்வியையும் கூட்டம் தன்னுடையதாக ஏற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தத் தாராளத்துக்கும் எல்லை உண்டு. 2024-25 சீசனில் 22 லீக் தோல்விகளோடு 17-ஆம் இடத்தில் முடிந்தார்கள். அதே மே மாதம் பில்பாவோவில் யுனைடெட்டை 1-0 என்று வென்று யூரோப்பா லீக்கை எடுத்து, 17 ஆண்டு வறட்சியை முடித்தார்கள். அந்த இறுதி ஆட்டத்தில் போஸ்டெகோக்லூ தன் பாணியை ஒதுக்கிவைத்துத் தற்காத்து வென்றார். இருந்தும் பதினாறு நாளில் நீக்கப்பட்டார். பிரென்ட்ஃபோர்டில் அருமையான வேலை செய்த தாமஸ் ஃபிராங்க் வந்தார். தற்காப்பு சீரமைந்தது, கார்னரும் நீண்ட த்ரோ-இன்னும் ஆயுதமாயின. ஆனால் 2025 நவம்பர் தொடக்கத்தில் சொந்த மண்ணில் செல்சியிடம் ஏறத்தாழ ஒரு நல்ல வாய்ப்பைக்கூட உருவாக்காமல் 0-1 என்று தோற்றபோது கூச்சல் கிளம்பியது. அந்தக் கூச்சலின் பின்னால் இருந்தது 17-ஆம் இடம் பிடித்த ஆண்டின் நினைவில்லை. முன்னவரின் முதல் பத்து ஆட்டங்களின் நினைவு.

சென்னையில் ஒரு சிறு சான்று

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. மார்கோ மெட்டராட்சியின் கீழ் 2015-இல் ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற சென்னையின் எஃப்.சி., 2017-18 சீசனில் ஜான் கிரிகோரியின் கீழ் மீண்டும் வென்றது. கிரிகோரியின் அணி கட்டுக்கோப்பானது. பெங்களூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்கள்தான் 3-2 வெற்றிக்கு அடித்தளம். மறு ஆண்டு அதே அணி கடைசி இடத்துக்குப் போனது. 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்து, பட்டியலின் அடிப்பகுதியில் இருந்த அணியைத் தாக்கி ஆடவைத்து, 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். நெரியுஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். இறுதியில் ஏ.டி.கே. அணியிடம் 1-3 என்று தோற்றாலும் கோய்லின் அந்த மூன்று மாதங்கள் மெரினா அரங்கத்தின் ரசிகர்களுக்கு அளவுகோலாகிவிட்டன. அடுத்து வந்த சாபா லாஸ்லோவின் அணி டிராக்களில் அடைபட்டுக் கிடந்தபோது எல்லாரும் கோய்லைத்தான் நினைத்தார்கள். 2023-இல் கிளப் அவரையே மீண்டும் அழைத்து வந்தது. பட்டம் தந்தவரைவிடத் தோற்ற இறுதி ஆட்டத்தைத் தந்தவரின் பாணி நினைவில் நின்றது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஆய்வாளர்கள் இந்த விவாதத்துக்குக் குளிர்ந்த நீர் தெளித்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வேல், தன் நாட்டு லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான பயிற்சியாளர் மாற்றங்களை ஆராய்ந்தார். ஆள் மாறியதும் முடிவுகள் மேம்படுவதுபோலத் தெரிகிறது. ஆனால் அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளும் அதே அளவு மீண்டன. சரிவின் அடியில் ஆளை மாற்றுகிறார்கள், அங்கிருந்து இயல்பாகவே மேலேதான் போக முடியும். பத்திரிகையாளர் சைமன் கூப்பரும் பொருளாதார அறிஞர் ஸ்டெஃபான் சிமான்ஸ்கியும் இன்னொன்றைக் காட்டினார்கள். பல ஆண்டுச் சராசரியில் ஓர் ஆங்கில கிளப்பின் லீக் இடத்தைச் சுமார் 90% அளவுக்கு அதன் சம்பளச் செலவே விளக்கிவிடுகிறது.

முடிவுகளுக்காகப் பயிற்சியாளரைப் பழிப்பதும் புகழ்வதும் பல நேரம் மிகைதான் என்று இதிலிருந்து கொள்ளலாம். ஆனால் ரசிகர்களின் தரப்புக்கு இதே ஆய்வுகள் வலுச் சேர்க்கின்றன என்று நான் நினைக்கிறேன். லீக் இடத்தைப் பெரும்பாலும் பணம் தீர்மானிக்கிறது என்றால், பயிற்சியாளரின் கையில் உண்மையாகவே இருப்பது எது? அணி எப்படி ஆடுகிறது என்பதுதான். ஆண்டுக்கு ஓர் அணிதான் பட்டம் வெல்லும். மற்ற ஊர்களின் மக்கள் சனிக்கிழமைதோறும் காசு கொடுத்து, மழையில் பயணம் செய்து, எதைப் பார்க்கப் போகிறார்கள்? அவர்கள் பாணியைப் பற்றிப் பேசுவது தங்களுக்கு உரிமையான ஒன்றைப் பற்றிப் பேசுவது.

நன்றாக நடந்த மாற்றங்கள்

சில கிளப்புகள் இந்தச் சந்தியை அழகாகக் கடந்திருக்கின்றன. 1974-இல் பில் ஷாங்க்லி திடீரென விலகியபோது லிவர்பூல் கலங்கியது. அவருடைய உதவியாளராக இருந்த பாப் பெய்ஸ்லி பொறுப்பேற்றார். முதல் சீசனில் பெரிய கோப்பை எதுவும் இல்லை. ஷாங்க்லியோ பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டே இருந்தார், வீரர்கள் அவரை இன்னும் தலைவர் என்றே அழைத்தார்கள். பெய்ஸ்லி முன்னவரின் ஆட்டத்தை உடைக்காமல், மெல்ல மெல்லப் பொறுமையைச் சேர்த்தார். ஒன்பது சீசன்களில் ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை.

பிரைட்டனில் 2022 செப்டம்பரில் கிரஹாம் பாட்டர் செல்சிக்குப் போனார். ராபர்ட்டோ டி செர்பி வந்தார். இருவரும் பந்தைப் பின்னாலிருந்து கட்டி எடுப்பவர்கள்தான். டி செர்பி எதிரணியைத் தன் கோல் வாய் வரை வேண்டுமென்றே இழுத்து, அந்த இடைவெளியில் பாய்ந்தார். பாட்டரின் கடைசி முழு சீசனில் 42 லீக் கோல் அடித்த கிளப், அடுத்த சீசனில் 72 அடித்து ஆறாம் இடம் பிடித்து, வரலாற்றில் முதன்முறையாக ஐரோப்பாவுக்குத் தகுதி பெற்றது. கிளப் முதலில் தன் பாணியை முடிவுசெய்திருந்தது, பிறகு அதற்கு ஏற்ற ஆளைத் தேடியது. கூட்டத்தின் கண்கள் புதிதாகக் கற்க வேண்டியது ஒரு பாடம் மட்டுமே.

நியாயமான தீர்ப்புக்கு

இத்தனை சான்றுகளுக்குப் பிறகு நான் ரசிகர்களின் பக்கமே நிற்கிறேன், சில நிபந்தனைகளோடு. ஒப்பிடும்போது முன்னவரின் அதே கட்டத்தோடு ஒப்பிட வேண்டும். புதியவரின் முதல் ஆண்டுக்கு முன்னவரின் முதல் ஆண்டே சரியான துணை. மோயஸை 1999-இன் ஃபெர்குசனோடு நிறுத்தாமல் 1987-இன் ஃபெர்குசனோடு நிறுத்தியிருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும். கையில் கொடுக்கப்பட்ட வீரர்கள் யார், எந்தப் பாணிக்காக வாங்கப்பட்டவர்கள் என்று பார்க்க வேண்டும். வேகமான எதிர்த்தாக்குதலுக்கு வாங்கியவர்களைக் கொண்டு நிதானம் கட்டுவதற்கு ஒரு சீசனாவது வேண்டும். மெதுவாக ஆடுவதையும் நோக்கமில்லாமல் ஆடுவதையும் பிரித்தறிய வேண்டும். ஸ்லாட்டின் முதல் சீசனில் பந்து நின்றது எதிரணியை வரவழைக்க. வான் காலின் கடைசி மாதங்களில் அது நின்றதற்குக் காரணம் புரியவில்லை. இரண்டையும் மந்தம் என்ற ஒரே பெயரால் அழைப்பது அநியாயம்.

கிளப்புகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும் இதில் பங்குண்டு. என்ன செய்ய முயல்கிறோம் என்பதை மக்களிடம் சொல்லாமல், முடிவைப் பாருங்கள் என்று மட்டும் சொல்பவர், முடிவு கெட்ட நாளில் தன் பக்கம் நிற்க ஒருவரும் இல்லாததைக் காண்பார். க்ளாப்பைப் போலத் தன் அரங்கத்தைப் புதியவர் கையில் ஒப்படைத்துப் போகும் முன்னவர் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. மற்றவர்கள் அந்தக் கண்களைத் தாமே பழக்கியாக வேண்டும்.

பாணியைப் பற்றி வாதாடும் கூட்டம் உள்ள கிளப்பில் கால்பந்து உயிரோடு இருக்கிறது. பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதை மட்டும் கேட்டுத் திருப்தியடையும் கூட்டம், ஆட்டத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்ட கூட்டம். ஆகவே ரசிகர்கள் ஒப்பிடட்டும், உரக்க ஒப்பிடட்டும். புதியவருக்கும் ஒன்றைக் கொடுக்கட்டும்: முன்னவருக்கு ஒரு காலத்தில் கொடுத்த அதே அவகாசம்.